பொற்கிழியும் புதிரும்

பாடத்திற்குள் நுழையுமுன்



‘பொற்கிழி’ என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கிழி என்பது துணிமுடிப்பு. பொற்காசுகளைத் துணியில் வைத்து முடிந்து, அரசர்கள் புலவர்க்குப் பரிசாக அளித்தனர். அம்முடிப்பே பொற்கிழி. இன்று துணிமுடிப்பின் இடத்தைக் காசோலையும் கேடயமும் பிடித்துக்கொண்டன. ஆயினும், பாராட்டு விழா ஒன்றில் அறிஞர்க்குப் பணம் கொடுக்கப்பட்டால், ‘பொற்கிழி வழங்கப்பட்டது’ என்றே தமிழில் இன்றும் எழுதுகிறோம். பொருள் மாறினும் சொல் மாறவில்லை.

பலர் கூடிய அவையில் ஒரு புதிரை விடுவித்துக் காட்டிப் பரிசு பெறுதல் மிகப் பழைய வழக்கம். அதனைப் பற்றியதே இப்பாடம். இதில் ஒரு புலவரும், கணக்கில் வல்ல ஒரு பெண்மணியும், சதுரங்கம் ஆடும் ஒரு சிறுவனும் வருகின்றனர். படிக்கும்போது ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பரிசு கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்?

அவையும் ஐயமும்

பொற்கிழி என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவன் தருமி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதை இது. மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்னும் ஐயம் பாண்டிய மன்னனுக்கு எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் அடங்கிய கிழியைச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். வறுமையில் வாடிய தருமி இறைவனிடம் முறையிட்டு, ஒரு பாடலைப் பெற்றுவந்து அவையில் படித்தான். மன்னன் மகிழ்ந்தான், நக்கீரரோ பாடலில் குற்றம் உண்டு என்றார். தருமியால் விடைகூற இயலவில்லை. கிழி கைக்கு எட்டாமற்போயிற்று. பின்னர் இறைவனே அவைக்கு வந்தது தனிக்கதை. நாம் இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்றுதான். விடையைக் கையில் வைத்திருப்பது வேறு. ‘இவ்விடை எவ்வாறு வந்தது?’ என்று அவை வினவும்போது நின்று பதில் சொல்வது வேறு. தருமியிடம் முதலாவது மட்டுமே இருந்தது.

காளமேகப் புலவரைப் பற்றிய கதையில் பரிசே இல்லை. தண்டனை மட்டும் உண்டு. திருமலைராயன் அவையில் ‘எமகண்டம்’ என்னும் போட்டிக்கு அவர் உடன்பட்டாராம். கீழே குழி வெட்டித் தீ மூட்டியிருப்பார்கள். மேலே கட்டித் தொங்கவிட்ட இருக்கையில் புலவர் அமர்ந்திருப்பார். கேட்டவர் கேட்டவாறெல்லாம் தயங்காமல் பாடவேண்டும். தவறினால் உயிர் போகும். இது எந்த அளவு வரலாறு, எந்த அளவு கற்பனை என்று பிரிப்பது அரிது. ஆனால், இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன மக்கள் எதை விரும்பினர் என்பது தெளிவாகத் தெரிகிறது. நல்ல பாடல் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. பாடுபவர் திணறுவாரா என்று பார்க்கவும் விரும்பினர்.

அவதானம் என்னும் கலை

‘அவதானம்’ என்றால் கவனம் என்று பொருள். ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து, ஒவ்வொன்றிற்கும் தவறாமல் விடையளிக்கும் கலைக்கே அவதானம் என்று பெயர். எட்டுச் செயல்களைக் கவனிப்பது அட்டாவதானம், பத்து, தசாவதானம், பதினாறு, சோடசாவதானம், நூறு, சதாவதானம். இக்கலையில் வல்லவரை அவதானி என்பர்.

அவதானம் நிகழும் அவையைக் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் அவதானி அமர்ந்திருக்கிறார். ஒருவர் அவர் முதுகின்மேல் சிறு கற்களையோ நெல்மணிகளையோ அவ்வப்போது எறிகிறார். எத்தனை விழுந்தன என்று அவதானி எண்ணிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் இடையிடையே மணி அடிக்கிறார். அந்த எண்ணிக்கை தனியே. வேறொருவர் சதுரங்கப் பலகையுடன் காத்திருக்கிறார். மற்றொருவர் பெருக்கற்கணக்குக் கொடுக்கிறார். ஒருவர் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியைச் சொல்லி, அன்று என்ன கிழமை என்கிறார். ஒருவர் பாடலின் கடைசி அடியை மட்டும் கொடுத்து, முன்னுள்ள அடிகளைப் பாடச் சொல்கிறார். இதனை ஈற்றடி கொடுத்தல் என்பர். இவர்கள் அனைவரும் வரிசையாக வருவதில்லை. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவர். இறுதியில் அவதானி எல்லாவற்றிற்கும் விடைகளை ஒப்பித்து, ‘கற்கள் இத்தனை, மணியோசை இத்தனை’ என்று முடிக்க வேண்டும்.

இக்கலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு நாட்டிலும் கன்னட நாட்டிலும் இன்றும் அவதானம் நடைபெறுகிறது. ஐதராபாத்திலோ விசயவாடாவிலோ பெங்களூரிலோ வாழும் மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் சென்று பார்க்கலாம். மொழி முழுதும் புரியாவிட்டாலும் சிரிப்பு வருவது உறுதி. ஏனெனில், தெலுங்கு அவதானத்தில் ஒருவருக்கு ஒரே வேலைதான்: தொடர்பில்லாத பேச்சைப் பேசி அவதானியின் கவனத்தைக் கலைக்க வேண்டும்! பாடல் பாதியில் நிற்கும்போது, ‘ஐயா, காலையில் என்ன உண்டீர்கள்?’ என்பதுபோல் அவர் கேட்பார். அதற்கும் நகைச்சுவையாக விடைகூறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடலைத் தொடரவேண்டும். இன்னொருவர், அவதானி ஓர் எழுத்தைச் சொன்னதும், அடுத்து எந்த எழுத்து வரக்கூடாது என்று தடைவிதிப்பார். நினைத்த சொல்லைக் கைவிட்டு வேறு சொல்லை அப்போதே தேட வேண்டியதுதான்.

செய்குத்தம்பிப் பாவலர்

கன்னியாகுமரி மாவட்டம் இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றும் திறன் பெற்ற அவர், உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை எழுதியவர். 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கத்தில், அறிஞர் பலர் முன்னிலையில் சதாவதானம் செய்து காட்டினார். அன்றுமுதல் ‘சதாவதானி’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சென்னை சென்ட்ரலில் இறங்குகிறவர்கள், ரிப்பன் மாளிகையை அடுத்து நிற்கும் செந்நிறக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அந்த அரங்கம்.

பாவலரின் கூர்மைக்கு ஒரு நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துக்கூறுவர். அவர் இசுலாமியர். பழைய தமிழில் இசுலாமியரைத் துருக்கர் என்றும் குறிப்பிட்டனர். ஓர் அவையில் ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணையாவான் என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து, வெண்பாவை முடிக்கச் சொன்னாராம். இது வெறும் புதிர் அன்று; பாவலரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் பொறி. மறுத்தால் தோல்வி, அப்படியே பாடினால் அவையில் நகைப்பு.

பாவலர் என்ன செய்தார்? கொடுத்த ஈற்றடியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. இராமனின் தம்பியரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, மூன்றாம் அடியின் இறுதியில் ‘சத்’ என்று நிறுத்தினார். அடுத்த அடி ‘துருக்கன்’ என்று தொடங்குகிறது. சேர்த்துப் படித்துப் பாருங்கள்: சத்துருக்கன்! இராமனின் கடைசித் தம்பியின் பெயர். அண்ணன் தம்பிக்குத் துணையாதல் இயல்புதானே? அவை ஆரவாரித்தது என்பர்.

வெளியே சினங்கொள்ளாமல், பொறியைப் பொறியாகவே காட்டி, அதனைத் தமிழின் புணர்ச்சியைக் கொண்டே திறந்துவிட்டார். இலக்கண வகுப்பில் ‘புணர்ச்சி எதற்கு ஐயா?’ என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

வியப்பின் விலை

இனி நம் வினாவுக்கு வருவோம். அவதானிக்குச் சன்மானம் அளித்த செல்வருக்கு முதுகில் விழுந்த கற்களின் எண்ணிக்கை தேவையா? இல்லை. எறிந்தவரே எண்ணியிருக்கலாம். தேதியின் கிழமையைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் விலை கொடுத்தது விடைக்கன்று. விடை வந்த விதம் கண்டு தமக்கு ஏற்பட்ட வியப்புக்கே.

வியப்புக்கு ஓர் இயல்பு உண்டு. அது பழகினால் தேயும். எட்டு பழகிவிட்டால் அவை பத்தைக் கேட்கும். பத்துப் பழகினால் பதினாறு, பிறகு நூறு. அவதானத்தின் எண்ணிக்கை இவ்வாறு ஏறியதில் புலவர்களின் ஆர்வத்திற்குப் பங்கு உண்டு; பார்ப்பவரின் பசிக்கும் பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். திறனைக் காட்டிப் பிழைப்பவர் ஆண்டுதோறும் முன்னைவிடப் பெரியதொன்றைக் காட்ட வேண்டியவராகிறார்.

சகுந்தலா தேவி

சகுந்தலா தேவி 1929ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். தந்தையார் சர்க்கஸ் கலைஞர். மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது சீட்டு வித்தை ஒன்றைக் கற்பித்தார். குழந்தையோ சீட்டுகளை மறைத்துவைத்து ஏமாற்றவில்லை. அவற்றின் எண்களை நினைவில் வைத்தே வென்றுவிடுகிறது என்று கண்டார். சர்க்கஸை விட்டார். மகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, அவளுடைய கணக்குத் திறனை மேடைகளில் காட்டினார். ஏறத்தாழ ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அச்சிறுமியின் பெரிய நிகழ்ச்சி நடைபெற்றது. 1944ஆம் ஆண்டில் தந்தையும் மகளும் இலண்டன் சென்றனர். பின்னர் உலக நாடுகள் பலவற்றில் அவருடைய நிகழ்ச்சிகள் நடந்தன.

இச்செய்தியை வியப்போடு சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. சற்று நின்று நோக்குங்கள். குடும்பத்திற்குச் சோறு அந்தச் சிறுமியின் மேடையிலிருந்து வந்தது. அவர் முறையான பள்ளிக்கல்வி பெறவில்லை. உங்களைப்போல் வகுப்பில் அமர்ந்து, தவறாக விடை எழுதி, அழித்துத் திருத்தும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அவர் எழுதிய தேர்வுகள் எல்லாம் அவையோர் முன்னிலையில்; தவறினால் மதிப்பெண் அன்று, அன்றைய வருமானமே குறையும்.

அவர் செய்துகாட்டியவற்றுள் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், 201 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் இருபத்துமூன்றாம் படிமூலத்தை 50 விநாடிகளில் கூறினார். 1980ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பதின்மூன்று இலக்க எண்கள் இரண்டை அவரிடம் கொடுத்தனர்:

7,686,369,774,870
2,465,099,745,779

இவற்றைப் பெருக்கி, 18,947,668,177,995,426,462,773,730 என்னும் விடையை 28 விநாடிகளில் கூறினார். கின்னஸ் சாதனை நூலிலும் இது இடம்பெற்றது. 1988ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆர்தர் ஜென்சன் என்னும் உளவியல் பேராசிரியர் அவரைச் சோதித்தார். 61,629,875 என்னும் எண்ணின் கனமூலத்தைக் கேட்டபோது, தாம் அவ்வெண்ணைக் குறிப்பேட்டில் எழுதி முடிக்குமுன்பே ‘395’ என்று விடை வந்துவிட்டதாக அவர் பதிவு செய்துள்ளார்.

நீங்களும் ஒரு வித்தை செய்யலாம்

கனமூலம் என்றதும் அஞ்ச வேண்டா. ஓர் எண்ணை மும்முறை பெருக்கினால் வருவது அதன் கனம். 4 × 4 × 4 = 64; ஆதலால் 64இன் கனமூலம் 4. ஈரிலக்க எண் ஒன்றின் கனத்தை நண்பர் சொன்னால், அந்த ஈரிலக்க எண்ணை நொடியில் கண்டுபிடிக்க வழி உண்டு.

முதலில் ஒன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள எண்களின் கனங்களை மனப்பாடம் செய்யுங்கள்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729. இவற்றின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 1, 4, 5, 6, 9 ஆகியவற்றின் கனங்கள் அதே இலக்கத்தில் முடிகின்றன. 2இன் கனம் 8இலும் 8இன் கனம் 2இலும், 3இன் கனம் 7இலும் 7இன் கனம் 3இலும் முடிகின்றன. பூச்சியத்தில் முடியும் எண்ணின் கனம் பூச்சியத்திலேயே முடியும்.

நண்பர் 103823 என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கம் 3. ஆகவே விடையின் கடைசி இலக்கம் 7. இனி, கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிடுங்கள், எஞ்சுவது 103. அது 64க்கும் 125க்கும் இடையில் உள்ளது. சிறியதான 64, 4இன் கனம். ஆகவே விடை 47. பெருக்கிச் சரிபாருங்கள்.

வீட்டில் தாத்தாவிடம் செய்துகாட்டினால் பத்து ரூபாய் கிடைக்கக்கூடும். வழியைச் சொல்லிக் கொடுத்த பிறகும் கேட்டால் கிடைக்குமா? ஐயமே. வித்தை மாறவில்லை, வியப்புத்தான் போய்விட்டது.

இந்த வித்தையில் மறைந்திருக்கும் சலுகை ஒன்று உண்டு. நண்பர் தம் விருப்பப்படி ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லக்கூடாது. சரியான கனத்தையே சொல்ல வேண்டும். விடை முழு எண் என்று முன்பே தெரிவதால் வேலை குறைகிறது. பெருக்கலில் அத்தகைய சலுகை கிடையாது. ஒவ்வோர் இலக்கத்தையும் முட்டி மோதியே பெறவேண்டும். ஆகவே, டல்லஸ் நகரில் கேட்ட 201 இலக்கங்களைவிட, இலண்டனில் கேட்ட பதின்மூன்று இலக்கங்களே கடினமானவை என்பது என் கருத்து. கைத்தட்டல் எங்கே மிகுதியாக எழுந்திருக்கும் என்று கேட்டால், அது வேறு கதை.

சகுந்தலா தேவி பிற்காலத்தில் எண்களைப் பற்றியும் புதிர்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். ‘பசில்ஸ் டு பசில் யூ’ என்பது அவற்றுள் ஒன்று. ‘பிகரிங்’ என்னும் நூலில் எண்களைக் கையாளும் வழிகளை எல்லாரும் கற்குமாறு விளக்கியிருக்கிறார். மேடையில் தம்மால் மட்டுமே இயன்றதை, நூலில் பிறராலும் இயலுமாறு செய்தார். அவர் 2013ஆம் ஆண்டு மறைந்தார். பழைய புத்தகக் கடைகளில் அவருடைய புதிர் நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் பென்சிலால் விடை குறித்த பக்கங்களுடன்.

மணிலாவில் ஒரு சிறுவன்

நம் வகுப்பில் பலருடைய பெற்றோர் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். புதிய பள்ளி, புதிய மொழி, பழைய நண்பர் இல்லாத மாலைப்பொழுது ஆகியவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. விசுவநாதன் ஆனந்துக்கும் அவை தெரியும்.

1969ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர் ஆனந்த். ஆறு வயதில் அன்னையார் சுசீலா அவருக்குச் சதுரங்கம் கற்பித்தார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தைச் சார்ந்து, மிகயில் தால் என்னும் உலக வாகையரின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் இயங்கியது. அங்கே விரைவாட்டத்தில் வென்றவர் பலகையின்முன் அமர்ந்தே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். எவரும் பணம் தரவில்லை. வென்றால் கிடைத்த ஊதியம் ஒரு நாற்காலி. அதாவது, இன்னோர் ஆட்டம். ஆனந்தின் வேகத்திற்கு அந்த நாற்காலியும் ஒரு காரணம் என்பார்கள்.

ஆனந்தின் தந்தையார் இரயில்வே அலுவலர். பணியின் பொருட்டு அவர் பிலிப்பீன்சு நாட்டின் தலைநகரான மணிலாவுக்குச் செல்ல நேர்ந்தபோது குடும்பமும் உடன் சென்றது. அந்நாட்டில் அப்போது சதுரங்கம் செழித்திருந்தது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான யூஜின் டோரே அந்நாட்டவர். 1978ஆம் ஆண்டில் கார்ப்போவும் கொர்ச்னோயும் மோதிய உலக வாகையர் போட்டி அந்நாட்டின் பாகியோ நகரில்தான் நடந்தது.

மணிலாத் தொலைக்காட்சியில் நண்பகலுக்குப்பின் ஒரு சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதன் முடிவில் ஒரு புதிர் கொடுப்பார்கள். விடையை அஞ்சலில் அனுப்ப வேண்டும். வென்றவரின் பெயரை அறிவித்து ஒரு புத்தகம் பரிசளிப்பார்கள். அந்நேரத்தில் ஆனந்த் பள்ளியில் இருப்பார். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வைக்கும் கருவிகள் வீட்டுக்கு வீடு இல்லாத காலம் அது. அன்னையார் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து, காட்டப்படும் ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை காண்பர், அஞ்சலில் சேர்ப்பர்.

புத்தகம் வந்தது. அடுத்தும் வந்தது. பல மாதங்கள் தொடர்ந்து வந்தது. ஒருநிலையில், நிகழ்ச்சி நடத்தியவர்கள் அவரை நூலகத்திற்கு அழைத்துச்சென்று, ‘விரும்பும் புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே’ என்று கூறிவிட்டனராம். இச்செய்தியை ஆனந்தே நேர்காணல்களில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அவர்கள் சொன்னதில் தவறில்லை. நாள்தோறும் ஒரே பெயரை அறிவித்தால் மற்ற சிறுவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள். வியப்புத் தேய்ந்தது, வாயில் மூடப்பட்டது. ஆனால் மூடும்போது எதைக் கொடுத்து மூடினார்கள் என்று பாருங்கள். சதுரங்கம் கற்கும் சிறுவனுக்குச் சதுரங்க நூல்கள்! 1988ஆம் ஆண்டு அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலக வாகையர்.

சகுந்தலா, ஆனந்த் ஆகிய இருவரும் சிறுவயதிலேயே திறனைக் காட்டிப் பொருள் பெற்றவர்கள். ஆனந்தின் வீட்டில் அரிசி வாங்குவதற்குத் தந்தையாரின் ஊதியம் இருந்தது. பரிசுப் புத்தகம் மகிழ்ச்சிக்கு உரியது. விடை தவறினால் நாளை வேறொரு புதிர் உண்டு. சகுந்தலாவின் வீட்டில் மேடையே ஊதியம். ஆகவேதான், ஆனந்திடம் ‘போதும்’ என்று சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்தது. சிறுமி சகுந்தலாவிடம் அச்சொல்லைச் சொல்ல எவரும் இல்லை.

அருஞ்சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
ஈற்றடி – பாடலின் கடைசி அடி
சன்மானம் – திறனைப் பாராட்டி அளிக்கும் பொருள்
பொறி – (இப்பாடத்தில்) சிக்கவைக்கும் கண்ணி
வாகையர் – வெற்றியாளர், சாம்பியன்
புணர்ச்சி – இரு சொற்கள் சேரும்போது நிகழும் மாற்றம்; பொன் + கிழி = பொற்கிழி, ஈறு + அடி = ஈற்றடி

பயிற்சி

1. தருமிக்கு முதலில் பொற்கிழி கிடைக்காமற்போனது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. ‘சத்துருக்கன்’ என்னும் சொல்லைப் பாவலர் எவ்வாறு அமைத்தார்? அவர் ஈற்றடியில் ஓர் எழுத்தையேனும் மாற்றியிருந்தால் அவை என்ன சொல்லியிருக்கும்?

3. 50653, 185193, 438976 ஆகியவற்றின் கனமூலங்களைத் தாளில்லாமல் காண்க. பிறகு, நீங்கள் கண்ட வழியை, கணக்கை விரும்பாத ஒரு நண்பருக்குப் புரியுமாறு ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக. எண்களைச் சொல்வதைவிட இது கடினம், பொறுமையாகச் செய்க.

4. வகுப்பில் ஐவர் சேர்ந்து சிறு அவதானம் நடத்துக. ஒருவர் அவதானி. ஒருவர் மேசையைத் தட்டுக; ஒருவர் ஒரு திருக்குறளின் சொற்களை வரிசை மாற்றிக் கொடுக்க; ஒருவர் பெருக்கற்கணக்குத் தருக; ஒருவர் தொடர்பில்லாத பேச்சால் கவனத்தைக் கலைக்க. அவதானி தவறினால் அடுத்தவர் அமர்க.

5. உங்கள் தாத்தா பாட்டியிடமோ ஊரில் உள்ள உறவினரிடமோ தொலைபேசியில் பேசி, அவர்கள் அறிந்த மூன்று விடுகதைகளை, அவர்கள் சொன்னவாறே எழுதி வருக. விடையை இப்போதே எழுத வேண்டா.

6. ஆனந்தின் அன்னையார் புதிரை எழுதி வைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரிசுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறீர்கள்? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.